எட்டு ஸ்டூல் இசக்காயா: கேட்காத கிண்ணத்துக்குக் காசு

கேள்வி, 5 அக்டோபர் 2024

மார்ச் கடைசியில் தனியாக டோக்கியோ போகிறேன். கவுண்டர் முன்னால் எட்டுப் பத்துப் பேர் மட்டும் உட்காரும் சின்ன இசக்காயாவில் (மதுவும் கூடச் சாப்பிடப் பண்டங்களும் தரும் ஜப்பானியக் கடை) ஒரு சாயங்காலமாவது உட்கார வேண்டும். குடிப்பதில்லை. மீன், கோழி சாப்பிடுவேன். ஜப்பானிய மொழி ஒரு வார்த்தை தெரியாது. "கேட்காமலே ஒரு கிண்ணத்தை வைத்து 400 யென் பிடுங்குவான், வெளிநாட்டுக்காரன் என்றால் மொட்டைதான்" என்று நண்பன் பயமுறுத்துகிறான். உண்மையா?

6 அக்டோபர் 2024

மொட்டையெல்லாம் இல்லை. பக்கத்து ஸ்டூலில் இருக்கும் ஜப்பான்காரரும் அதே கிண்ணத்துக்கு அதே காசைத்தான் கொடுக்கிறார். அதற்குப் பெயர் ஒத்தோஷி. ஓசாகா பக்கம் ட்சுகிதாஷி என்பார்கள். பெரும்பாலும் 300 முதல் 500 யென். உட்கார்ந்ததும் கை துடைக்க ஈரத்துண்டு வரும், முதலில் குடிக்க என்ன என்று கேட்பார்கள், அது வரும்போது கூடவே ஒரு சின்னக் கிண்ணம் வரும். உள்ளே வேகவைத்த பூசணியோ, எள் அரைத்துப் பிரட்டிய கீரையோ, சாற்றில் ஊறிய கத்தரிக்காயோ, அன்றைக்குக் கடையில் என்ன இருக்கிறதோ அது. உட்காரும் இடத்துக்கு வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகையோடு கொஞ்சம் கூட்டும் தருகிறார்கள்.

குடிக்காதவர் என்றால் ஊலோங் டீ சொல்லுங்கள். எல்லாக் கடையிலும் இருக்கும், சர்க்கரை கிடையாது. எதையாவது ஒன்றைக் குடிக்கச் சொல்லியே ஆக வேண்டும், அது மரியாதை. அதற்கு மேல் வெறும் தண்ணீர் வேண்டுமென்றால் "ஹியா" என்று கேளுங்கள், இலவசமாகவே தருவார்கள்.

நான் இருப்பது நிஷி-கசாயில், பதினோரு வருடமாக. டோக்கியோவில் நம் ஊர் ஐ.டி. ஆட்கள் கூட்டமாக இருக்கும் அதே இடம்தான். முதல் இரண்டு வருடம் இசக்காயா என்றால் கம்பெனிக்காரர்கள் இழுத்துப் போகும் பெரிய கடைகள்தான் தெரியும்: தொடுதிரையில் ஆர்டர், இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும். எட்டு ஸ்டூல் கடைக்குள் காலை வைக்கவே மூன்றாவது வருடம் ஆயிற்று. காரணம் கதவு. அதைப் பிறகு எழுதுகிறேன்.

6 அக்டோபர் 2024, இரவு

ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கடையில் கார்டு ஓடும் என்று நம்பிப் போக வேண்டாம். ஆளுக்கு 3,000, 4,000 யென் இருந்தால் தாராளமாகப் போதும், குடிக்காத உங்களுக்கு அதுவும் ஆகாது. டிப்ஸ் கிடையாது. வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துத் தெருவரை ஓடி வந்து கொடுப்பார்கள். எனக்கு நடந்திருக்கிறது, 200 யென்னுக்கு.

8 அக்டோபர் 2024

முதல் குறிப்பில் பெரிய பிழை செய்திருக்கிறேன். தண்ணீருக்கு "ஓஹியா". முன்னால் அந்த "ஓ" மிக முக்கியம். "ஹியா" என்று மட்டும் சொன்னால் சாக்கே, அதாவது அரிசி மது. அந்த வார்த்தைக்கு நேர்ப்பொருள் குளிர்ந்தது என்றாலும், சாக்கே விஷயத்தில் ஹியா என்றால் சூடும் காட்டாமல் குளிரும் வைக்காமல் அறையில் இருக்கிறபடியே ஊற்றித் தருவது. ஐஸ்பெட்டியில் குளிர வைத்ததற்கு ரெய்ஷு என்று வேறு பெயர். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் சூடாக்கியது, சூடாக்காதது என்று இரண்டே வகை இருந்ததன் மிச்சம் இது.

இந்தக் குழப்பத்தில் நானே விழுந்திருக்கிறேன். கொளுத்தும் ஆகஸ்டில் சில்லென்று வேண்டும் என்று நினைத்து ஹியா சொல்லி, வெதுவெதுப்பாக வந்ததைக் குடித்தேன். அப்படி இருந்தும் உங்களுக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன் பாருங்கள். இசக்காயா, ஓஹியா, இசக்காயா, ஓஹியா என்று ரயிலில் சொல்லிக்கொண்டே போங்கள்.

12 அக்டோபர் 2024

கதவு.

மேலே அரைத் துணி தொங்கும், நோரென். வாசலில் சிவப்புக் காகித விளக்கு. துணி வெளியே தொங்கினால் கடை திறந்திருக்கிறது, உள்ளே எடுத்து வைத்துவிட்டால் மூடியாயிற்று. இதுவரை சுலபம். ஆனால் கதவு பெரும்பாலும் மரச்சட்டமும் மங்கல் கண்ணாடியுமாக இருக்கும், உள்ளே ஒன்றும் தெரியாது. விலைப்பட்டியலும் வெளியே இருக்காது. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். கதவைத் தள்ளினால் எட்டுத் தலையும் ஒரே நேரத்தில் உங்கள் பக்கம் திரும்பும் என்று மனம் சொல்லும். திரும்பத்தான் செய்யும். கல்யாண வீட்டில் தெரியாத பந்தியில் போய் உட்காருவது மாதிரி ஒரு கூச்சம். நான் ஒரே கடையை ஆறேழு தடவை தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு தடவை கதவில் கை வைத்துவிட்டு, செல்போன் அடித்த மாதிரி நடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அதை யாரும் பார்க்கவில்லை என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

வழி இதுதான். கதவு பக்கவாட்டில் நகரும், இழுக்காதீர்கள். பாதி திறந்து, தலையை நீட்டி, ஒரு விரலைக் காட்டுங்கள். ஒரு ஆள் என்று அர்த்தம். உள்ளே நிற்கும் கடைக்காரர், அவரைத் தைஷோ என்பார்கள், எந்த ஸ்டூல் என்று கையால் காட்டுவார். அவர் காட்டும் வரை உட்காராதீர்கள். காலியாகத் தெரிகிற ஸ்டூல் காலி என்று அர்த்தமில்லை, ஏழு மணிக்கு வரப்போகிற யாருக்கோ வைத்ததாக இருக்கலாம். இடமில்லை என்றால் இரண்டு கையையும் குறுக்கே வைத்துப் பெருக்கல் குறி காட்டுவார். அதை மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம், அடுத்த கதவு பத்தடியில் இருக்கும்.

நேரம்: ஐந்து மணிக்குத் திறந்தால் ஐந்து மணிக்கே போங்கள். அன்றைய முதல் ஆளை அவர்கள் குச்சியாக்கே என்பார்கள். நம் கடைத்தெருவில் போணி என்கிறோமே, அதேதான். போணி பண்ண வந்தவரை எந்தக் கடைக்காரர் விரட்டுவார்? தைஷோவும் அப்போதுதான் பேசுகிற மனநிலையில் இருப்பார். ஏழரைக்குப் போனால் அவர் கை நிற்காது, உங்களைப் பார்க்க நேரம் இருக்காது.

பையைக் கவுண்டர் மேல் வைக்காதீர்கள். அது சாப்பாட்டு மேசை. ஸ்டூலுக்குக் கீழே கூடையோ, பலகைக்கு அடியில் கொக்கியோ இருக்கும், தடவிப் பாருங்கள்.

13 அக்டோபர் 2024

எந்த ஏரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போகும் கடை மோன்ஜென்-நாக்காச்சோவில். தோசாய் ரயிலில் நிஷி-கசாயிலிருந்து நகரத்தை நோக்கி நான்காவது நிறுத்தம். பேச்சில் மோன்னாக்கா. மோன்ஜென் என்றால் கோயில் வாசல் முன்பு, அதாவது நம் சன்னதித் தெரு. அங்கே இருக்கும் புகாகாவா ஃபுதோ-தோ கோயிலில் தினமும் முரசு அடித்துத் தீ வளர்ப்பார்கள். அதன் பெயர் கோமா, நம் ஹோமம் என்ற சொல்தான் சீனா வழியாக நடந்து போய் அப்படி ஆகியிருக்கிறது. தீயின் நடுவே உட்கார்ந்திருக்கும் ஃபுதோவின் சமஸ்கிருதப் பெயர் அசலன், அசையாதவன். மாதம் 1, 15, 28 தேதிகளில் கோயிலில் விசேஷம், தெருவில் கடை போடுவார்கள். மூன்று மணிக்கு ஹோமம் பார்த்துவிட்டு ஐந்து மணிக்குப் போணி பண்ணலாம். இதைவிடத் தமிழ்த்தனமான மாலை டோக்கியோவில் அமையாது.

20 அக்டோபர் 2024

ஒத்தோஷியை வாடகை என்று எழுதிவிட்டேன், சரியாகச் சொன்னேனா என்று இரண்டு வாரமாக உறுத்துகிறது. முதல் தடவை எனக்கு வந்தது மூன்று துண்டு கொன்யாக்கு, சேனைக்கிழங்குக்கு நெருங்கிய உறவான கிழங்கின் மாவில் செய்த ரப்பர் மாதிரி ஒன்று. பில்லில் 380 யென். பேசாமல் கொடுத்தேன், ஆனால் வீடு வரும் வரை மனத்துக்குள் சண்டை. ஐதராபாத்துக்காரச் சக ஊழியரிடம் மறுநாள் புலம்பினேன். "நம் ஊரில் கேட்காமல் கறிவேப்பிலை தருகிறான், இங்கே காசு வாங்குகிறான்" என்றார் அவர்.

பிறகு ஒரு நாள் மழை. கடையில் நானும் தைஷோவும் மட்டும். மனக்கணக்குப் போட்டேன். எட்டு ஸ்டூல். ஐந்திலிருந்து பதினொன்று வரை. ஒருவர் இரண்டு மணி நேரம் இருந்தால், எல்லா ஸ்டூலும் நிறைந்தாலும் நாளைக்கு இருபத்து நான்கு பேர்தான். நடைமுறையில் பாதி. மீன் வாங்குவது, அறுப்பது, சுடுவது, கழுவுவது எல்லாம் அவர் ஒருவர். இதில் ஒருவன் வந்து ஒரு ஊலோங் டீயை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால், அந்த ஸ்டூல் அன்றைக்குச் செத்தது. அந்த 380 யென் அவனுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு குறைந்தபட்ச ஒப்பந்தம்.

இன்னொன்றும் உண்டு. முதல் பானம் வந்து, சொன்ன பண்டம் சுட்டு வர பத்து நிமிடம் ஆகும். அதுவரை வாய்க்கு ஏதாவது வேண்டாமா? ஒத்தோஷி என்ற சொல்லே, ஆர்டர் அடுப்புவரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்வதற்காக வந்தது என்கிறார்கள். ஆக வாடகை என்பது பாதி உண்மை. மீதிப் பாதி நம் ஊர் டச்சிங்ஸ்.

வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சில பெரிய கடைகளில் உட்காரும்போதே சொன்னால் எடுத்துவிடுவார்கள். எட்டு ஸ்டூல் கடையில் நான் சொல்லமாட்டேன். ஒவ்வாமை இருந்தால் சொல்லுங்கள், வேறு கிண்ணம் தருவார்கள், காசு அதேதான்.

3 நவம்பர் 2024

சைவம் சாப்பிடுகிறவர் போகலாமா என்ற கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், அப்பா ஞாபகம் வந்துவிட்டது. சைவத்தை முதலில் முடித்துவிடுகிறேன்: கஷ்டம். காய்கறி கிடைக்கும், ஆனால் அது வெந்த சாறு கட்சுவோபுஷியில், அதாவது காய்ந்த மீனில் எடுத்ததாக இருக்கும். எடமாமே (உப்புப் போட்டு அவித்த பச்சைச் சோயாக் காய்), உப்பில் சுட்ட குட்டி மிளகாய், வறுத்த உருளை, சுட்ட சோளம், இவை தேறும். குளிர்ந்த டோஃபு சொன்னால் "கட்சுவோபுஷி நுக்கி" என்று சேர்த்துச் சொல்லுங்கள், மேலே தூவாமல் தருவார்கள். கொம்பு என்ற கடல்பாசியில் சாறு எடுக்கிற வழியும் உண்டு, ஆனால் ஒற்றை ஆள் கடையில் உங்களுக்காகத் தனிப் பானை வைக்கமாட்டார். கொம்பு என்றதும் மாட்டுக்கொம்பு என்று பயப்பட வேண்டாம்.

அப்பா போன வருடம் வந்திருந்தார். எங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம். குடிக்கமாட்டார், ஆனால் மீன் என்றால் உயிர். தைஷோ சுட்ட டோஃபுவின் மேல் கட்சுவோபுஷியைத் தூவி வைத்தார். ஆவியில் அந்தச் செதில்கள் நெளியும். அப்பா கையை இழுத்துக்கொண்டார். "என்னடா, உசுரோட இருக்கு?" பிறகு குனிந்து முகர்ந்தார். முகம் மாறிவிட்டது. "ஏலே, இது மாசிடா."

மாசியேதான். இரண்டும் சூரை மீன். வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைப்பது மாலத்தீவிலும் இங்கேயும் ஒரே வேலை. மாலத்தீவில் வெயிலில் காயும், இங்கே உயர்ந்த ரகத்துக்குப் பூஞ்சை பிடிக்க வைத்து மறுபடி மறுபடி காயவைக்கிறார்கள். காயல்பட்டினத்துச் சிநேகிதர் வீட்டில் மாசி இடித்துச் சம்பல் செய்வார்கள் என்று அப்பா சொல்ல, நான் செல்போனில் மொழிபெயர்த்துத் தைஷோவிடம் காட்ட, அவர் உள்ளே போய் ஒரு முழுக் கட்டையைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். அப்பா அதைப் பலகையில் தட்டிப் பார்த்தார், டொக் டொக். தைஷோவும் வாங்கித் தட்டினார். இரண்டு பேருக்கும் பொதுமொழி இல்லை, தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அன்றைக்கு இன்னொரு காரியமும் செய்தேன். சுட்ட கானாங்கெளுத்தியில் முள்ளில்லாத துண்டைக் குச்சியால் எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். அப்பா தன் குச்சியால் வாங்கப் போனார். வலப்பக்கம் இருந்த பாட்டி "அரா!" என்றார். தைஷோ ஒரு வார்த்தை பேசாமல் எங்கள் இரண்டு பேர் குச்சிக்கும் நடுவில் ஒரு சின்னத் தட்டை நீட்டினார். துண்டு அதில் விழுந்தது. வெளியே வந்து தேடிப் படித்தேன். தகனம் முடிந்ததும் எலும்பைக் குச்சிக்குக் குச்சி மாற்றி எடுத்துக் குடத்தில் போடுவார்களாம், அதனால் சாப்பாட்டில் அப்படிச் செய்யவே கூடாதாம். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்துவதும் அதே வகை, அது இறந்தவருக்கு வைக்கும் படையல். அப்பாவிடம் சொன்னேன். ரயிலில் வெகுநேரம் பேசாமல் வந்தார். "நாமளும் மறுநாள் போயி எலும்பு பொறுக்கத்தானே செய்யுறோம். கையால பொறுக்குறோம். அதுக்காகக் கையால சாப்பிடாமலா இருக்கோம்?" என்றார் கடைசியில்.

4 நவம்பர் 2024

ஒருவர் தனிமடலில் திருத்தினார்: "அரா" என்பது திட்டு இல்லை, "அடடே" மாதிரி ஒன்றுதான். அதே பாட்டி அப்பாவுக்கு ஒரு கமலா ஆரஞ்சு கொடுத்தார் என்பதை எழுத விட்டுவிட்டேன்.

17 நவம்பர் 2024

பத்து வயது மகனோடு போகலாமா என்று ஒருவர். கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 2020 ஏப்ரல் முதல் உணவகங்களுக்குள் புகைக்கத் தடை. ஆனால் முன்பிருந்தே நடக்கும் சின்னக் கடைகளுக்கு விலக்கு உண்டு. டோக்கியோவில் அதுவும் சம்பள ஆள் வைக்காத கடைக்கு மட்டும். தைஷோ ஒருவரே நடத்தும் எட்டு ஸ்டூல் கடை அதற்குள் கச்சிதமாக அடங்கிவிடும். புகைக்கலாம் என்று ஸ்டிக்கர் இருந்தால் இருபது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சட்டப்படி உள்ளே போக முடியாது, பெற்றோர் கூட இருந்தாலும். புகை இல்லாத கடை என்றால் ஐந்து மணிக்குப் போய் ஆறரைக்குள் வந்துவிடுங்கள்.

8 டிசம்பர் 2024

இந்த வாரம் ஜப்பானின் சாக்கே வடிக்கும் கலையை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை போய்த் தைஷோவிடம் வாழ்த்துச் சொன்னேன். "நான் வடிக்கவில்லை, ஊற்றுகிறேன்" என்றார்.

குடிக்கிற ஒருவர் அளவு கேட்டிருக்கிறார். ஒரு கோ என்பது 180 மில்லி. ஆமாம், குவார்ட்டர். உலகம் சுற்றி வந்தாலும் தமிழனுக்கு அதே அளவு. ஆனால் இது 15 சதவீதம் சுமாருக்குத்தான் இருக்கும், நம் குவார்ட்டர் மாதிரி மண்டையில் அடிக்காது. அடிக்காது என்று நினைத்து மூன்று கோ போனவர்களை நிஷி-கசாய் நிலைய பெஞ்சில் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் நான்.

சில கடைகளில் சதுர மரப்பெட்டிக்குள் கிளாஸை வைத்து, வழிந்து பெட்டியிலும் நிரம்பும்படி ஊற்றுவார்கள். மொக்கிரி. கையில் எடுத்தால் கொட்டும், குனிந்து வாயை வைத்து முதல் மடக்கை உறிஞ்ச வேண்டும். கொசுறுதான் அது.

டோக்கியோவுக்கே உரியது ஹோப்பி. 1948இல் வந்த பானம், பீர் மாதிரி வாசனை, ஆல்கஹால் ஏறக்குறைய இல்லை. ஷோச்சு (காய்ச்சி வடித்த மது) ஊற்றிய கிளாஸும் ஹோப்பி பாட்டிலும் தனித்தனியாக வரும், நாமே கலக்க வேண்டும். கிளாஸில் ஷோச்சு தீர்ந்தால் "நாக்கா" (உள்ளே), பாட்டில் தீர்ந்தால் "சோத்தோ" (வெளியே) என்று கேட்க வேண்டும். புதிதாக வந்த நம் பையன் ஒருவன் கடைசியில் சோறு கேட்கிறேன் என்று நினைத்து "சோத்தோ" என்றான். மூன்றாவது பாட்டில் வந்தது.

19 ஜனவரி 2025

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். புத்தாண்டு விருந்து என்று ஆபீஸ் ஆட்கள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு மோன்னாக்கா கடைக்குப் போனேன். என்னோடு ஆறு. கடையில் ஏற்கெனவே இரண்டு பேர். தைஷோ ஒரு கணம் தயங்கிவிட்டுக் காட்டினார், நான் அந்தத் தயக்கத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்தேன்.

என்ன தப்பு? சத்தம் மட்டும் இல்லை. எட்டில் ஆறு ஸ்டூல் ஒரே கூட்டமானால் கவுண்டர் கவுண்டராக இருக்காது, அது எங்கள் மீட்டிங் ரூம் ஆகிவிடும். மூலையில் இருந்த இரண்டு பேரும் வழக்கமாகத் தைஷோவோடு பேசுகிறவர்கள். அன்றைக்கு அவர் எங்கள் ஆறு ஆர்டருக்கும் ஓடிக்கொண்டிருந்தார், அவர்கள் கிளாஸைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். எட்டரைக்கு ஒருவர் கதவைத் திறந்து, இடமில்லை என்று பார்த்துத் திரும்பிப் போனார். எனக்குத் தெரிந்தவர், ஒவ்வொரு வெள்ளியும் வருகிறவர்.

அடுத்த வாரம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். தைஷோ வேறு பேச்சுக்குப் போய்விட்டார். ஒத்தோஷி வைத்தார், பூசணி. சரி, நம்மை இன்னும் விலக்கவில்லை என்று புரிந்தது.

ஆகவே: ஒருவர் அல்லது இரண்டு பேர். மூன்று என்றால் முன்கூட்டியே போன் பண்ணுங்கள். நான்குக்கு மேல் பெரிய கடைக்குப் போங்கள், அங்கே சத்தம் போட்டால்தான் அழகு.

21 ஜனவரி 2025

"அப்படியானால் அது கடையா, கிளப்பா?" என்று கோபமாக ஒருவர். நியாயமான கேள்வி. இரண்டுக்கும் நடுவில். நம் ஊரில் எட்டுப் பேர் உட்காரும் மெஸ்ஸில் மாதக் கணக்குக்காரர் வந்தால் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்பார்களே, அந்த மாதிரி. இங்கேயும் இரண்டு பேராக யாராவது வந்தால் நடுவில் இருப்பவர்கள் கிண்ணத்தையும் கிளாஸையும் தூக்கிக்கொண்டு ஒரு ஸ்டூல் நகர்வார்கள். முதல் தடவை தைஷோ சொல்லாமலே நான் நகர்ந்தபோது இடப்பக்கத்துக்காரர் தலையை ஆட்டினார். என் விசா புதுப்பித்தபோதுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

அந்த மனநிலை பிடிக்கவில்லை என்றால் நின்றுகொண்டே குடிக்கும் தாச்சினோமி கடைகள் இருக்கின்றன. டோக்கியோவின் கையேந்தி பவன். யாரும் யாரையும் கவனிக்கமாட்டார்கள், ஒத்தோஷியும் பெரும்பாலும் இல்லை.

9 பிப்ரவரி 2025

மொட்டை பற்றிய முதல் பதிலில் ஒரு விலக்கு சேர்க்க வேண்டும். பெரிய கேளிக்கைப் பகுதிகளில் தெருவில் நின்று ஆங்கிலத்தில் கூப்பிட்டு, "இடம் இருக்கு, மலிவு" என்று கூட்டிப் போகிறவர்கள் பின்னால் போகாதீர்கள். எனக்குத் தெரிந்தவர் போனார். இருக்கைக் கட்டணம், வார இறுதிக் கட்டணம், சேவைக் கட்டணம் என்று மூன்று வரி, சாப்பிட்டதைவிட அதிகம். தைஷோ தெருவுக்கு வந்து ஆள் பிடிக்கமாட்டார். அவர் வெளியே வந்தால் அடுப்பை யார் பார்ப்பது?

23 மார்ச் 2025

கிளம்பும் நேரம் வந்துவிட்டது, அவசரமாகச் சில. யாக்கிதோரிக்கு, அதாவது குச்சியில் குத்திச் சுட்ட கோழிக்கு, உப்பா (ஷியோ) சாஸா (தாரே) என்று கேட்பார்கள், முதலில் உப்பு. தின்ற குச்சிகளைப் போட ஒரு குவளை இருக்கும். கூப்பிட "சுமிமாசென்". எழும்போது "கோச்சிசோசாமா" (சாப்பாட்டுக்கு நன்றி), இந்த ஒரு வார்த்தையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். பில் கேட்க இரண்டு ஆள்காட்டி விரலையும் குறுக்கே வைத்தால் புரிந்துகொள்வார்.

கடைசியாக வயிற்றை மூட ஏதாவது சாப்பிடுவது வழக்கம், ஷிமே. மோன்னாக்காவில் கிளிஞ்சல் போட்ட புகாகாவா-மேஷி கிடைத்தால் விடாதீர்கள். இல்லையென்றால் சுட்ட ஒனிகிரி, அதாவது பிடித்த சோற்று உருண்டை, அதைக் கையாலேயே சாப்பிடலாம், அப்பா மூன்று சாப்பிட்டார். எங்கள் கடையில் ஒனிகிரி விலைச் சீட்டின் மேல் போன மாதம் புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறார். 5 கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டிவிட்டது, போன வருடத்தைவிட ஏறக்குறைய இரட்டிப்பு. அரசாங்கம் கையிருப்பு அரிசியை வெளியே விடுகிறது. ஒத்தோஷி விலை மட்டும் அதே 380.

6 ஏப்ரல் 2025

முதல் கேள்வி கேட்டவர் போய்வந்துவிட்டார். எனக்கு எழுதியதைச் சுருக்கிப் போடுகிறேன், அவரிடம் கேட்டுவிட்டேன்.

மோன்னாக்காவில் ஏதோ ஒரு கடை, என்னுடையது இல்லை. ஐந்தேகாலுக்குக் கதவைத் திறந்து ஒரு விரல் காட்டியிருக்கிறார். மூன்றாவது ஸ்டூல். ஊலோங் டீ என்று சொல்வதற்கு முன்னால் தொண்டை வறண்டிருந்ததால் தண்ணீர் கேட்டிருக்கிறார். எப்படிக் கேட்டார்? "ஹியா."

தைஷோ அம்மா ஒருவர். இரண்டு தடவை திருப்பிக் கேட்டாராம், இவரும் இரண்டு தடவை உறுதியாகத் தலையாட்டியிருக்கிறார். மரப்பெட்டிக்குள் கிளாஸ், வழிய வழிய. "தண்ணிக்கே இவ்வளவு மரியாதையா என்று மனசு நெகிழ்ந்துடுச்சு" என்கிறார். குனிந்து ஒரு மடக்கு உறிஞ்சியதும் முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்து ஸ்டூல் பெரியவர், தன் மூக்கைத் தொட்டுக் காட்டி (இங்கே அதற்கு 'நான்' என்று அர்த்தம்), பெட்டியோடு தன் பக்கம் நகர்த்திக்கொண்டாராம். இவருக்கு ஊலோங் டீயும் எடமாமேயும் அவர் கணக்கில் வந்தது.

அக்டோபர் 8 குறிப்பைப் படிக்கவில்லையா என்று கேட்டேன். முதல் குறிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போனாராம், ஆறு மாதம் நான் எழுதிய மற்றதெல்லாம் திரும்பி வரும்போது விமானத்தில் படித்தாராம்.

ஒத்தோஷி என்ன வந்தது என்றும் கேட்டேன். பூசணி. 400 யென். "நல்லா இருந்துச்சு, ரெண்டாவது கிண்ணம் கேட்டா தருவாங்களா?" என்கிறார்.

எங்கள் தைஷோ தரமாட்டார். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.